வாவிக்கரையில் உயிர்த்த ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு நம்பிக்கையின் திருநாள் என்பது கிறிஸ்தவ உலகின் பொதுவழக்கு. 2019ஆம் ஆண்டின் பின்னர் மட்டக்களப்பில் அதனை அவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட இயலாது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் காலை ஒன்பது மணியளவில், நகரின் மத்திய வீதியிலுள்ள சீயோன் தேவாலய வளவில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் தன்னை வெடிக்கச் செய்தான். முப்பது பேரளவில் மாண்டனர். அவர்களுட் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற சிறுவர். அதே காலையில் கொழும்புக் கொச்சிக்கடையிலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும், தலைநகரின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. நாடு முழுவதிலுமாக 250க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

நம்பிக்கையின் நாளைத் தேர்ந்தெடுத்தே கொன்றார்கள். அதன் பின்னும் அந்நாள் ஆண்டுதோறும் வருகின்றது. மக்களும் கோயிலுக்குப் போகின்றார்கள். எதைக் கண்டு நம்பிக்கை கொள்கின்றார்கள்? இக்கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. கோயிலுக்கே போகாதவனும், வேறு கோயிலுக்குப் போகிறவனும், இவ்வாவிக்கரையில் வாழ்பவனாயின், கேட்டேயாகவேண்டிய கேள்வி இது. இதற்கான விடையை வேதாகம விரிவுரைகளில் தேடுவதிலும் பார்க்க, இப்பிரதேசத்தின் நானூறு ஆண்டு வரலாற்றில் தேடுவது பயன் தரும் என்பது என் எண்ணம். (மட்டக்களப்பு வாவி என்றதும் பாடும் மீனைப் பற்றி ஒரு பந்தி எழுதுவது எம்மவரின் வழக்கம். இம்முறை அந்த மீனைச் சற்று ஓய்வெடுக்க விடுவோம்.)

முதலில், கொண்டாடப்படும் கதை எத்தகையது என்பதைப் பார்க்கவேண்டும். பிற்காலம் பூசிய பொன்னையும் வெள்ளியையும் சுரண்டிவிட்டு நோக்கினால், அது ஓர் அரசியற் கொலையின் கதை. ரோமப் பேரரசின் ஆளுநனான பிலாத்து, அடிமைப்பட்ட மாகாணமொன்றின் தச்சன் மகனுக்கு மரணதண்டனை விதிக்கின்றான். சிலுவை என்பது அக்காலத்தில் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டக்கஸின் அடிமைக் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபோது, ரோமாபுரிக்குச் செல்லும் அப்பியன் நெடுஞ்சாலையின் ஓரமாக ஆறாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். சாலையிற் போகிறவன் காணவேண்டும், கண்டு அஞ்சவேண்டும் என்பதே நோக்கம். அத்தகைய தண்டனைக்கு உள்ளான ஒருவன் இறக்கவில்லை, எழுந்துவிட்டான் என்று சில மீனவரும் பெண்களும் சொல்லத் தொடங்கினார்கள். அரசின் தீர்ப்பு இறுதித் தீர்ப்பன்று என்பதே அப்பேச்சின் பொருள். ரோமாபுரியின் அடிமைகளும் கைவினைஞரும் அதனை ஏன் பற்றிக்கொண்டனர் என்பது புரியாத புதிரன்று. ஏங்கெல்ஸ் 1894இல் ஆதிக் கிறிஸ்தவத்தின் வரலாறு பற்றி எழுதியபோது, அதனைத் தம் காலத்துத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டுப் பேசியதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. நான்கு சுவிசேஷங்களுள் மிகப் பழையதெனக் கருதப்படுவது மாற்குவினுடையது. அதன் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள், வெறுமையான கல்லறையைக் கண்ட பெண்கள் நடுநடுங்கி ஓடினார்கள், அச்சத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. மகிழ்ச்சிக் காட்சிகள் பின்னரே சேர்க்கப்பட்டன. உயிர்த்த ஞாயிற்றின் முதற் காலை அல்லேலூயாவோடு விடியவில்லை; அச்சத்தோடும் மௌனத்தோடும் விடிந்தது. 2019இன் பின் மட்டக்களப்பிலிருந்து இந்தப் பகுதியை வாசிக்கிறவனுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசே அச்சமயத்தைத் தழுவியது. 325இல் நீசேயாவில் பேரரசன் கொன்ஸ்தந்தைன் கூட்டிய சங்கத்தில் உயிர்ப்பு விழாவை எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாடவேண்டுமெனத் தீர்மானித்தார்கள். கொல்லப்பட்டவனின் நினைவு, கொன்ற அரசின் விழாவாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் எமது வாவிக்கரைக்குப் பீரங்கியோடு வந்திறங்கியதும் அரசின் கையிலிருந்த இந்தக் கிறிஸ்தவந்தான்.

போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1626இல், அதே போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களுக்குப் புகலிடம் அளித்தவன் கண்டி மன்னன் செனரத். அவ்வாறு வந்தவர்களுட் பெருந்தொகையினரை அவன் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான். கிறிஸ்தவ அரசொன்று விரட்டிய முஸ்லிம்கள், பௌத்த அரசன் ஒருவனின் அனுமதியோடு, தமிழ்ச் சைவர் வாழ்ந்த வாவிக்கரையில் வந்து குடியேறினார்கள். இன்று சமயத்தின் பெயரால் ஒருவரையொருவர் அந்நியர் என்று ஏசுவோர் இந்த ஒரு நிகழ்ச்சியையாவது தெரிந்து வைத்திருத்தல் நன்று.

போர்த்துக்கேயரின் கோட்டை பத்தாண்டுகளே நின்றது. 1638 மே 18ஆம் நாள் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் பிடித்த முதற் கோட்டை அதுவே. அவர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர். கத்தோலிக்கம் அவர்களுக்குச் சமயப் பகை மட்டுமன்று, அரசியற் பகையுமாகும். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமென 1658இல் கட்டளை பிறந்தது. மறுபுறத்தில், ஒல்லாந்தரின் தோம்பில் ஞானஸ்நானம் பெற்றவனாகப் பதியப்பட்டிருந்தாலே உத்தியோகமும் உரிமைகளும் கிடைத்தன. இதன் பயனாகக் காகிதத்தில் கிறிஸ்தவர் பெருகினர். 1796இல் ஒல்லாந்தர் போனதும் அந்தக் காகிதக் கிறிஸ்தவம் ஏறக்குறையக் காகிதத்தோடே போயிற்று. அரசு தந்த நம்பிக்கையை அரசே எடுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று எமது வரலாற்றில் இல்லை.

போகாமல் நின்றது எது? தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கம். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகள், இரவுகளில் வீடு வீடாகச் சென்று வழிபாடு நடத்தினார். அவர் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளைத் தமிழிற் சொல்லும் அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் இழுத்து இராகத்தோடு வாசிக்கப்படுவதுண்டு. குருவும் கோயிலும் இல்லாத இடங்களில், பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் பாமர மக்களிடமிருந்தது அந்தக் குரல் மட்டுமே. தேவாலயங்கள் அரசின் வசமிருந்தன, அழுகை மக்களிடமிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த மெதடிஸ்த மிசனின் தொடக்கமும் ஒரு மரணத்தோடு பிணைந்துள்ளது. வெஸ்லியன் மிசனரிமார் 1814 ஜூனில் காலியில் வந்திறங்கினர். அவர்களுட் தலைவரான தோமஸ் கோக் கடற்பயணத்திலேயே இறந்துவிட்டார். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அதே பயணத்தில் இறந்தார். தனித்தவராக மட்டக்களப்புக்கு வந்த ஓல்ட், தமிழ் கற்று, பள்ளிகள் தொடங்கி, எட்டு மாதங்களே வாழ்ந்தார். 1815இல் உயிர்த்த ஞாயிறு மார்ச் 26ஆம் நாள் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை, ஏப்ரல் 1ஆம் நாள், அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளியின் வழித்தோன்றலே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வாவியை அடுத்து நிற்கும் அவரது சிலையைப் பார்த்துக்கொண்டே நகரத்தார் நடக்கிறார்கள்.

மிசன் கல்வியைக் கண்மூடிப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது கச்சேரிக்கு எழுதுவினைஞரையும் நீதிமன்றுக்கு மொழிபெயர்ப்பாளரையும் உருவாக்கியது. போடியாரின் வயலில் கூலிக்கு நின்றவனின் பிள்ளை அதன் வாசலை அடைய நெடுங்காலமாயிற்று. ஏகாதிபத்தியத்தின் தேவையே அதன் முதற் பாடத்திட்டம். ஆயினும் வரலாறு திட்டமிட்டவனின் விருப்பப்படி மட்டும் நடப்பதில்லை. காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பின் மிசன் பள்ளிகளிற் பயின்ற சிறுவன் ஒருவனே பின்னர் விபுலானந்த அடிகளாகி, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்ற பழைய நூலை 1962இல் பதிப்பித்து எமக்குக் கையளித்தவர் எவ்.எக்ஸ்.சி. நடராசா. அப்பெயரின் முன்னெழுத்துகளையும் பின்பாதியையும் சேர்த்து வாசித்தாலே வாவிக்கரையின் பண்பாட்டுக் கலப்பு விளங்கிவிடும்.

இக்கலப்பின் ஆழம் எங்கே தெரிகின்றது என்றால், கண்ணகி வழிபாட்டிலே தெரிகின்றது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலாய ஊர்களில் வைகாசித் திங்களில் கண்ணகையம்மன் சடங்கு நடைபெறும். கதவு திறந்து, நாள்தோறும் ‘கண்ணகி வழக்குரை’ பாடி, ஈற்றில் குளிர்த்தியோடு நிறைவுறும். பாடப்படும் கதை எது? குற்றமற்ற ஒருவன் அரசனின் அவசரத் தீர்ப்பால் கொல்லப்படுகின்றான். அவன் மனைவி கையிற் சிலம்போடு அரசவையில் நின்று, தீர்ப்புப் பிழை என்று நிறுவுகின்றாள். நகர் எரிகின்றது. பின்னர் ஊரவர் கூடி அவள் சினத்தைக் குளிர்விக்கின்றார்கள். சினம் தணிவது நீதி நிலைநாட்டப்பட்ட பின்பே, முன்பன்று. குளிர்த்தியை முதல் நாளிலே பாடி முடித்துவிட்டு வழக்குரையைக் கைவிட எந்தக் கட்டாடியாரும் துணியமாட்டார்.

இப்படிப்பட்ட மண்ணில், சிலுவையிற் கொல்லப்பட்ட குற்றமற்றவனின் கதை அந்நியக் கதையாக இருக்க முடியுமா? கல்லறைக்கு முதலிற் போனவளும் ஒரு பெண்ணே. நான்கு சுவிசேஷங்களும் பலவற்றில் வேறுபடினும், மகதலா மரியாள் அங்கே சென்றாள் என்பதில் ஒன்றுபடுகின்றன. ஆண் சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பிணத்தைத் தேடிக்கொண்டு பெண் போகின்ற காட்சி, 1980களின் பின் மட்டக்களப்பில் வேதாகமத்துக்கு வெளியேயும் நாளாந்தம் காணப்பட்டது. இராணுவ முகாம் வாசலிலும் பொலிஸ் நிலைய வாசலிலும் புகைப்படத்தோடு நின்ற தாய்மாருட் சைவர் இருந்தனர், கிறிஸ்தவர் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர்.

திருவழிபாட்டின் வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. உயிர்ப்பு விழாவின் இதயம் முதல்நாள் இரவு நடக்கும் பாஸ்காத் திருவிழிப்பு. விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியே புதுநெருப்பு மூட்டி, அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுதிரியை ஏற்றி, இருண்ட கோயிலினுள் கொண்டு செல்வார்கள். அந்த ஒற்றைச் சுடரிலிருந்து ஒருவர் திரியிலிருந்து மற்றவர் திரிக்குத் தீ பரவும். ஆனால் பல நூற்றாண்டுகளாக இச்சடங்கு சனிக்கிழமை காலையிலே, வெயில் எறிக்கும்போது நடத்தப்பட்டு வந்தது. பட்டப்பகலில் நின்று இரவைப் பாடினார்கள். அதுவும் மக்களுக்கு விளங்காத இலத்தீனில். 1951இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதனை மீண்டும் இரவுக்கு மாற்ற அனுமதித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் அது தமிழுக்கும் வந்தது. இருள் உண்மையான இருளாகவும், மொழி சொந்த மொழியாகவும் வந்து சில பத்தாண்டுகளுக்குள்ளேயே, வெளியே வேறோர் இருள் சூழ்ந்துகொண்டது.

அவ்விருளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விரிவாகச் சொன்னால் கட்டுரை முடியாது. 1988 ஜூன் 6ஆம் நாள், மட்டக்களப்புப் பிரசைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்ணான்டோ அடிகள் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் இரவு, நகருக்குத் தெற்கே காத்தான்குடியில், இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றனர். சிறுவரும் அவர்களுள் அடங்குவர். பன்னிரண்டு நாட்களின் பின், ஓகஸ்ட் 15ஆம் நாள், புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹீபேர்ட், வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற் போனார். செப்டெம்பர் 9ஆம் நாள், நகருக்கு வடக்கே சத்துருக்கொண்டானில், இராணுவத்தினர் கூட்டிச்சென்ற தமிழ்க் கிராமத்தவர் மீளவில்லை; 184 பேர் என்று ஊரவர் கணக்கிட்டு நினைவுகூர்கின்றனர். 2005இன் நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது, புனித மரியாள் பேராலயத்தினுள், நாடாளுமன்ற உறுப்பினர் யோசேப்பு பரராஜசிங்கம் சுடப்பட்டு இறந்தார். அவ்வழக்கின் எதிரிகள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர்.

இடையில் கடலும் வந்தது. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் நாவலடி, கல்லடி, டச்பார் கரைகளைத் துடைத்துச் சென்றது. அடுத்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு மார்ச் 27. அதற்கு மறுநாள் இரவு சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநிலநடுக்கம் ஏற்பட, எச்சரிக்கை கேட்டுக் கரையோர மக்கள் இருளில் எழுந்து ஓடினார்கள். அல்லேலூயா பாடிய தொண்டை காய்வதற்குள் நடந்த ஓட்டம் அது.

இக்காலத்தில் நம்பிக்கை எங்கே இருந்தது என்று கேட்டால், நான் ஒரு கொப்பிப் புத்தகத்தைக் காட்டுவேன். பென் மில்லர் அடிகள் என்ற மற்றோர் அமெரிக்கத் துறவி, 1948இல் மட்டக்களப்புக்கு வந்தவர், போர்க்காலத்தில் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வந்து சொல்லச்சொல்ல விபரங்களைப் பதிந்துகொண்டிருந்தார். எந்தச் சமயத்தவர் என்று கேட்டு அவர் பதியவில்லை. ஓர் அரசோ ஓர் இயக்கமோ ஒருவனை இல்லாமற் செய்துவிட்டு, அப்படி ஒருவன் இருக்கவேயில்லை என்று சொல்லும் காலத்தில், அவன் பெயரை எழுதி வைப்பது உயிர்ப்பின் மீதுள்ள நம்பிக்கைக்கு மிக நெருங்கிய செயல். அவர் 2019 ஜனவரி 1ஆம் நாள், தமது 93ஆம் வயதில், மட்டக்களப்பிலே மறைந்தார். அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிற்றைக் காண அவர் இருக்கவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கு வருவோம். அவ்வாண்டு பெரிய வெள்ளியும் சித்திரைப் பூரணையும் ஒரே நாளில், ஏப்ரல் 19இல் வந்தன. எமது சைவ வீடுகளில் சித்திரைப் பூரணை இறந்த தாயை நினைந்து விரதமிருக்கும் நாள். ஒரே நாளில் ஒரு தெருவின் ஒரு வீட்டில் தாய்க்கு விரதம். அடுத்த வீட்டில் மகனை இழந்த தாயின் வியாகுலம். இரு நாட்களின் பின் குண்டு வெடித்தது. பையோடு வந்த அந்நியனை ஐயுற்று, வழிபாடு நடந்த மண்டபத்தினுள் போகவிடாது மறித்தவர் அச்சபையைச் சேர்ந்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். அவர் அவ்விடத்திலேயே மாண்டார். குண்டுதாரி உள்ளே சென்றிருப்பின் எண்ணிக்கை எவ்வளவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படுகொலை மின்னலைப் போல வானத்திலிருந்து விழுந்ததன்று. குழுவின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். அவன் கும்பல் முதலில் தாக்கியது யாரை? காத்தான்குடியின் சூபி வழி முஸ்லிம்களை. 2017 மார்ச் 10இல் அவ்வூரின் அலியார் சந்தியில் நடந்த மோதலின் பின் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. 2018 நவம்பர் 30இல், வாவிக்கு மேற்கே வவுணதீவில், காவலரணில் நின்ற இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். உடனே பழி முன்னாட் போராளிகள் மீது விழுந்தது; ஒருவர் மாதக்கணக்காக அடைக்கப்பட்டார். உயிர்த்த ஞாயிற்றின் பின்னரே அதுவும் இதே கும்பலின் கைவரிசை எனத் தெரிந்து, 2019 மேயில் அவர் விடுவிக்கப்பட்டார். பழைய பகைவன்தான் எக்காலமும் பகைவன் என்ற அரசின் சோம்பற் சிந்தனைக்கு வாவிக்கரைப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. ஏப்ரல் 4இலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது என்பது இன்று யாவரும் அறிந்தது.

மேயில் பாடசாலைகள் மீண்டும் தொடங்கியபோது வாசல்களில் பிள்ளைகளின் புத்தகப் பைகள் கிளறிச் சோதிக்கப்பட்டன. கணக்குக் கொப்பிக்கும் சோற்றுப் பெட்டிக்குமிடையே குண்டு தேடினார்கள். அம்மாதத்தில் குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. மட்டக்களப்பில் அவ்வளவுக்கு நடக்கவில்லை. ஆயினும் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற குரல்கள் எழுந்தன. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தார்கள் என்று மேடைகளிற் சொல்லிச் சலித்த உவமையைக் கூட அப்போது எவரும் எடுக்கத் துணியவில்லை. தொழுதுகொண்டிருந்தவர்கள் 1990இல் கொல்லப்பட்டார்கள். வழிபட வந்தவர்கள் 2019இல் கொல்லப்பட்டார்கள். இரண்டிடங்களுக்கும் இடையே சில மைல் தூரந்தான். ஒன்றை நினைத்து மற்றதை மறக்கின்ற நினைவுகூரல் நினைவுகூரலே அன்று. அது அடுத்த கொலைக்கான ஆயத்தம்.

அடுத்த உயிர்த்த ஞாயிறு, 2020 ஏப்ரல் 12, கொரோனாத் தொற்றின் ஊரடங்கில் வந்தது. தேவாலயங்கள் மூடிக்கிடந்தன. கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சீடரைப் போல மக்கள் வீடுகளில் இருந்தார்கள். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பூசையிலே, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கூறினார். அது பெரிய சொல். ஆனால் கொன்றவனை மன்னிக்கும் உரிமை, பறிகொடுத்தவனுக்கு உண்டேயன்றி, தடுக்கத் தவறிய அரசுக்கு அதிற் பங்கில்லை. இதனைக் கத்தோலிக்கத் தலைமையும் விரைவில் உணர்ந்தது. 2021 மார்ச் 7ஆம் நாளைக் கறுப்பு ஞாயிறாக அறிவித்து, மக்கள் கறுப்புடை அணிந்து பூசைக்குப் போனார்கள். தவக்காலத்தின் ஊதா நிறம் போதாதென்று மக்கள் தாமாகவே ஒரு நிறத்தைச் சேர்த்துக்கொண்டனர்.

2023 ஜனவரி 12ஆம் நாள், ஏழு நீதியரசர் கொண்ட உயர்நீதிமன்ற ஆயம் தீர்ப்பு வழங்கியது. முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ்மா அதிபராயிருந்தவரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராயிருந்தவரும் தலா 7.5 கோடியும், பாதுகாப்புச் செயலாளராயிருந்தவர் 5 கோடியும், தேசிய புலனாய்வுத் தலைவராயிருந்தவர் 1 கோடியும் நட்டஈடாகக் கொடுக்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. இந்நாட்டின் வரலாற்றில் முன்னாள் அரசத் தலைவர் ஒருவர், மக்களைக் காக்கத் தவறியமைக்காகத் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தவேண்டுமென்று விதிக்கப்பட்டது சிறிய விடயமன்று. வழக்கைத் தொடுத்தவர்களுட் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் இருந்தனர். சிலம்பைக் கையிற் பிடித்தபடி அரண்மனை வாயிலில் நின்றவளின் வழி வந்தவர்கள் அவர்கள். எனினும் யார் அறிந்திருந்தும் வாளாவிருந்தார், யார் பயனடைந்தார் என்ற வினாக்களுக்கு அத்தீர்ப்பு விடையன்று.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் 2019 ஜூன் 12இலும், கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் கோயில் ஜூலை 21இலும் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டன. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் அவ்வளவு விரைவில் எழவில்லை. தலைநகரிலிருந்து தொலைவு என்பது இறந்தவர்களுக்கும் உண்டு போலும்! ஆயினும் அச்சபையினர் கலைந்து போகவில்லை. கூடினார்கள், பாடினார்கள், காயம்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். போருக்கும் கடற்கோளுக்கும் பின் வறிய குடியிருப்புகளில் பெருகிய இத்தகைய சுயாதீன சபைகளின் மதமாற்ற முயற்சிகள் பற்றி எமது ஊர்களில் கசப்பு உண்டு. எனக்கும் சில விமர்சனங்கள் உண்டு. ஆனால் அந்தக் கசப்பை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு இதைப் பார்க்கவேண்டும். அவர்களின் நம்பிக்கை, ஒல்லாந்தரின் தோம்பில் எழுதப்பட்ட நம்பிக்கை போன்றதன்று. அதனால் அவர்களுக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை, உயிரே போயிற்று. போன பின்னும் அதை விடவில்லை. இரவில் கதவடைத்துக்கொண்டு வியாகுலப் பிரசங்கம் வாசித்தவர்களோடு வைத்து எண்ணவேண்டிய மக்கள் இவர்கள்.

நீசேயா வகுத்த வழியிலே, உயிர்த்த ஞாயிறு பங்குனி-சித்திரைப் பூரணையைப் பின்பற்றி ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருக்கும். ஏப்ரல் 21 நகராது. ஆகையால் மட்டக்களப்புக் கிறிஸ்தவர்களுக்கு இப்போது இரண்டு நாட்கள் உள்ளன: ஒன்றில் கோயிலுக்குப் பூக்களோடு போகிறார்கள், மற்றொன்றில் புகைப்படங்களின் முன் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். 2030இல் அவ்விரண்டும் மீண்டும் ஒரே நாளில் வரும். 2019இல் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்று உயிர் தப்பிய எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்று பத்தொன்பது வயதாகியிருக்கும்.